குழந்தை வாசிக்கட்டும், வீடு காது கொடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூனில் பள்ளி திறந்தால் ஜூலையில் டியூஷன் தேடுவது என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வழக்கமாகிவிட்டது. மாலை 4 மணிக்கு மேல் வீடு திரும்பும் ஆறு வயதுப் பிள்ளை, ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு மறுபடி பையைத் தூக்குகிறது. அங்கே போய்ப் பெரும்பாலும் செய்வது எழுதியதையே திரும்ப எழுதுவது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெற்றோரும் அதையேதான் செய்ய வைக்கிறார்கள், கையில் ஸ்கேலோடு. தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுத விரும்புகிறோம். சுருக்கினால் பயன்படாது என்பதால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு. அதற்கு முன்பே, 2018 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றமும் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தக் கொள்கையில் நல்ல யோசனை ஒன்றும் இருக்கிறது: நேற்று மாலை என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று பிள்ளையை வகுப்பில் பேச வைக்கலாம் என்பது. வீட்டில் விளையாடவே விடாவிட்டால் பிள்ளை வகுப்பில் எதைப் பேசும்?

அப்படியானால் வீட்டில் ஒன்றுமே செய்ய வேண்டாமா என்றால், வேண்டும். நாளுக்கு 15 முதல் 20 நிமிடம். அதில் 10 நிமிடம் பிள்ளை வாய்விட்டு வாசிக்க, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு 10 நிமிடம் தனியாகக் கேட்க ஓர் ஆசிரியருக்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளியால் கொடுக்க முடியாததும் வீட்டால் எளிதாகக் கொடுக்க முடிவதும் இந்தப் பத்து நிமிடம்தான். பள்ளி விட்டு வந்ததும் வேண்டாம். விளையாடி, ஏதாவது தின்று, முகம் கழுவிய பிறகு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் என்றால் பாதிப் பிள்ளைகள் தூங்கி விழும்.

வாசிப்பில் எங்கே சிக்குகிறது என்று பார்ப்போம். 247 எழுத்தையும் பாட்டுப் போல ஒப்பிக்கும் பிள்ளை, தனியாக ‘ஞ’வைக் காட்டினால் விழிக்கிறது. வரிசை மனதில் இருக்கிறது, எழுத்து இல்லை. சோதிக்க வேண்டுமானால் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் அல்லது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், தாளுக்கு ஓர் எழுத்து பெரிதாக எழுதிக் கலைத்துப் போட்டுக் காட்டுங்கள். சட்டென்று சொன்னால் தெரியும். உதடு அசைய ‘க ங ச ஞ’ என்று முதலிலிருந்து ஓட்டி வந்து சொன்னால் இன்னும் தெரியவில்லை என்று பொருள். ஒரு நாளைக்குத் தெரியாத எழுத்து மூன்று போதும். தெரிந்த ஏழெட்டோடு அந்த மூன்றைக் கலந்துவிடுங்கள். எல்லாமே தெரியாததாக இருந்தால் பிள்ளை இரண்டே நிமிடத்தில் தண்ணீர் தவிக்கிறது என்று எழுந்துவிடும்.

வாய்ப்பாடு மாதிரி உயிர்மெய் அட்டவணையை நோட்டில் எழுத வைப்பதால் பயன் குறைவு. ஏன் என்று பிள்ளை எழுதும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். முதலில் மேலிருந்து கீழாக க, ங, ச, ஞ என்று வெறும் எழுத்தாக நிரப்பும். பிறகு எல்லாவற்றுக்கும் வரிசையாகத் துணைக்கால் போடும். ‘கா’ என்ற ஒலி அதன் காதிலும் விழவில்லை, வாயிலும் வரவில்லை. கொத்தனார் செங்கல் அடுக்குகிற மாதிரி ஒரு வேலை. அதற்குப் பதில் ஒரு சொல்லில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்: பல், பால், பாய், காய், கால், கல். சிலேட்டில் பெரியவர் ஒன்றை அழித்து மாற்ற, பிள்ளை சொல்ல வேண்டும். அடுத்த நாள் பிள்ளை மாற்ற, பெரியவர் சொல்ல வேண்டும். பெரியவர் வேண்டுமென்றே ஒரு தடவை தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். அந்தத் திருத்தம் மறக்காது.

புள்ளி எழுத்துக்கு வீட்டில் நாம் சொல்லும் பெயரே பெரிய தடை. ‘க்’ என்பதை ‘இக்’ என்றும் ‘ம்’ என்பதை ‘இம்’ என்றும் சொல்லித் தருகிறோம். பிறகு ‘படம்’ என்பதை எழுத்துக் கூட்டச் சொன்னால் பிள்ளை ‘ப, ட, இம்’ என்கிறது. மூன்றையும் சேர்த்தால் ‘படயிம்’ என்றுதானே வரும்? அது விழிப்பதில் அதன் தவறு ஒன்றும் இல்லை. ‘ம்’ என்றால் உதட்டை மூடி முனகுவது, ‘ல்’ என்றால் நாக்கு நுனியை மேல்பல் அடியில் வைத்து நிறுத்துவது என்று ஒலியாகக் காட்டுங்கள். கூட்டும்போது புள்ளி எழுத்தை ஒருபோதும் தனியாக விடாமல் முன்னெழுத்தோடு ஒட்டிச் சொல்லுங்கள்: ப, டம். பட், டம். கத், தி. இதை மட்டும் மாற்றினாலே பல பிள்ளைகள் சொல் சொல்லாக வாசிக்க ஆரம்பித்துவிடும்.

அடுத்தது கொம்பு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக விரல் வைத்துப் போகும் பிள்ளை கொம்பைக் கண்டதும் நிற்கிறது. ‘கொ’வில் முன்னால் கொம்பு, பின்னால் கால், பிள்ளை ‘கெ’ என்று சொல்லிவிட்டுக் காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு ‘கெர’ என்று வாசிக்கும். இதைக் கேட்டால் கவனக்குறைவு என்று திட்ட வேண்டாம். காலும் ரகரமும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம். ‘கொம்பைப் பார்த்தால் உடனே சொல்லாதே, அடுத்த எழுத்துக்குப் பின்னால் கால் இருக்கிறதா பார், பிறகு சொல்’ என்று ஒரே விதியாகச் சொல்லிக் கொடுங்கள். கொடு, கோடு, தொடு, தோடு, கெடு, கேடு என்று ஆறு சொல்லை மாற்றி மாற்றிக் காட்டினால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஔகாரத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அது வரும் சொற்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை, மூன்றாம் வகுப்பு வரை காத்திருக்கலாம்.

உகர வரிசைக்குத்தான் கூடுதல் நாள் தேவை. ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே கால் போதும். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. சு, பு, யு, வு ஒரு மாதிரி. டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி. ணு, து, நு, லு, று, னு வேறு மாதிரி. கு தனி. மெய்யெழுத்து வரிசைப்படி சொல்லிக் கொடுத்தால் இவை மாறி மாறி வந்து குழப்பும். வடிவம் ஒத்தவற்றைச் சேர்த்துக் கூட்டம் கூட்டமாகக் கொடுங்கள், ஒரு கூட்டத்துக்கு மூன்று நாள். புளு, முடு என்று பொருளில்லாத சொல்லாக வேண்டாம். பசு, புலி, யுகம், வவ்வால் என்று பொருளுள்ள சொல்லாகவே எடுங்கள். வவ்வாலில் உகரம் எங்கே என்று பிள்ளை கேட்டால், கண்டுபிடித்ததற்குக் கைதட்டுங்கள்.

‘க’ எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைப் பெரும்பாலும் யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. நமக்குப் பழகிவிட்டதால் நாமே அதைக் கவனிப்பதில்லை. சொல்லின் முதலில் வல்லொலி: கடல். இரட்டித்தாலும் வல்லொலி: பக்கம். மெல்லெழுத்துக்குப் பின் அழுத்தம் குறையும்: பங்கு. இரண்டு உயிருக்கு நடுவே இன்னும் தளரும்: பகல். த, ப, ட மூன்றுக்கும் ஏறத்தாழ இதே கதை: கத்தி, பந்து, கப்பல், பாம்பு, பட்டம், நண்டு. சகரம் கொஞ்சம் கூடுதலாக விளையாடும்: பச்சை, மஞ்சள், பசு. பிள்ளை ‘பாம்பு’ என்பதை ‘பாம்ப்பு’ என்று அழுத்தி வாசித்தால் எழுத்தைத் தவறாகப் படிக்கவில்லை, விதி தெரியவில்லை. விதியை விளக்கவும் வேண்டாம். ‘பாம்ப்பு என்று ஒரு ஜந்து உண்டா? நமக்குத் தெரிந்த சொல்லாகச் சொல் பார்க்கலாம்’ என்று கேட்டால் போதும். தாய்மொழியில் வாசிக்கிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பாட்டிமாரும் இந்த இடத்தில்தான் பயன்படுவார்கள். ‘எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்னத்தைச் சொல்லித் தர’ என்று ஒதுங்கத் தேவையில்லை. பிள்ளை வாசிப்பது காதுக்குச் சொல்லாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்கவில்லை என்றால் ‘அது என்னன்னு எனக்குப் புரியலையே, இன்னொரு தரம் சொல்லு’ என்றால் போதும். பிள்ளை திரும்பிப் பார்த்துத் தானே திருத்தும். முடிந்ததும் ‘அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் புரிந்து வாசித்திருக்கிறது. சொல் ஒவ்வொன்றும் சரியாக வந்தும் கதை சொல்ல வரவில்லை என்றால் வாசிப்பு இன்னும் எழுத்துக் கூட்டும் நிலையிலேயே இருக்கிறது. அதே பக்கத்தை நாளையும் மறுநாளும் வாசிக்கட்டும். மூன்றாம் நாள் வேகம் கூடும், பொருளும் வரும். தினமும் புதுப் பக்கம் என்று ஓட வேண்டியதில்லை.

கேட்கும் முறைக்குச் சில குறிப்புகள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் அது பரீட்சை. பிள்ளையின் விரல் சொல்லின் அடியில் நகரட்டும், சொல்லின் மேல் அல்ல. மேலே வைத்தால் மேல்விலங்கு (கி, கீ எழுத்துகளின் மேல் வளைவு) மறைந்துவிடும். தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் வரவில்லையென்றால் முதல் எழுத்தின் ஒலியைச் சொல்லுங்கள். அதற்கும் வராவிட்டால் முழுச் சொல்லையும் சொல்லிவிட்டு மேலே போங்கள். ஒரு சொல்லில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் முன்னால் வாசித்தது மறந்து போகும். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போது கடினம். இன்னும் சின்னதாக ஒன்றை எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்தப் புத்தகம் படிக்கிறது என்ற பேச்சை மட்டும் இந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கக் கூடாது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தையும் நினைவில் வையுங்கள். வீட்டில் ‘வந்துச்சு’, புத்தகத்தில் ‘வந்தது’. வீட்டில் ‘அவங்க’, புத்தகத்தில் ‘அவர்கள்’. ஐந்து வயதுவரை காதில் விழாத ஒரு தமிழை ஆறு வயதில் வாசிக்கச் சொல்கிறோம். அதனால் தூங்கும் முன் பெரியவர் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே, மாற்றாமல், வாசித்துக் காட்டுவது நல்லது. இரண்டாவது தடவை வேண்டுமானால் பேச்சில் சொல்லலாம். பிள்ளை ‘வந்தது’ என்று எழுதியிருப்பதை ‘வந்துச்சு’ என்று வாசித்தால் பொருள் புரிந்திருக்கிறது என்று முதலில் மகிழுங்கள், பிறகு எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாத்தா பாட்டி எழுதிக் கொடுக்கும் வீடுகளில் ஒரு சின்னச் சிக்கல். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் எழுதப் பழகியவர்கள் சிலர் இன்னும் லை, ணை, னை, ளை எழுத்துகளை யானைத் தும்பிக்கை போட்டும், றா, ணா, னா எழுத்துகளைச் சுழித்தும் எழுதுகிறார்கள். வீட்டில் உள்ள பழைய புத்தகங்களிலும் அப்படியே இருக்கும். பிள்ளையின் பார்வையில் அது வேறு எழுத்து. முதல் இரண்டு வருடம் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, வாசிப்பு நிலைத்த பிறகு ஒரு வேடிக்கையாகக் காட்டலாம்.

எழுத்துக்கு வருவோம். சொல்வதை எழுதுதல் நாளுக்கு ஐந்து சொல் போதும், அதுவும் அன்று வாசித்த சொற்களில் இருந்தே. பிழையை எண்ணாதீர்கள், பிழையின் வகையைப் பாருங்கள். ‘பட்டம்’ என்பதை ‘படம்’ என்று எழுதினால் ஒற்றின் ஒலி காதில் விழவில்லை. எழுதுவதை விட்டுவிட்டு, கைதட்டிச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘பட்’ ஒரு தட்டு, ‘டம்’ ஒரு தட்டு. ‘வீடு’ என்பதை ‘விடு’ என்றும் ‘கூடை’ என்பதை ‘குடை’ என்றும் எழுதினால் குறில் நெடில் சிக்கல். கையை நீட்டி நெடிலை இழுத்துச் சொல்லட்டும். ‘படம’ என்று புள்ளி விட்டுப் போனால் பெரும்பாலும் அவசரம். எழுதி முடித்ததை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் ‘படம’ என்று வாசித்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு புள்ளி வைக்கும். ல, ள, ழ குழப்பம் மட்டும் இன்னும் சில ஆண்டு இருக்கும். லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல் அடியில், ளகரத்துக்கு மடங்கி அண்ணத்தைத் தொடும், ழகரத்துக்கு மடங்கும் ஆனால் தொடாது. வலி, வளி, வழி என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கலாம். வீட்டில் பெரியவர்களே ‘வாளப்பளம்’ என்று சொல்லும்போது பிள்ளையை மட்டும் பத்துத் தடவை எழுத வைப்பது அநியாயம். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லி, பிள்ளை முதல் வரியில் செய்த அதே பிழையைப் பத்து வரியிலும் அழகாகச் செய்து வைப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

இடது கையால் எழுதும் பிள்ளையை மாற்றாதீர்கள். தாளை எதிர்ப்புறம் சாய்த்து வைத்தால் போதும். ஆங்கிலச் சின்ன ‘b’யும் ‘d’யும் ஏழு வயது வரை திரும்பிக்கொள்வது சாதாரணம்.

கணக்குக்கு மேசையும் நோட்டும் கடைசியில் வரட்டும். முதலில் ஈர்க்குச்சி. விளக்குமாற்றிலிருந்து உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, நூறு குச்சி தயார் செய்யுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதைப் பிள்ளையே செய்ய வேண்டும். கட்டி வைத்ததைக் கையில் கொடுத்தால் அதற்கு அது வெறும் கட்டு, பத்து அல்ல. ‘34 கொண்டா’ என்றால் மூன்று கட்டும் நாலு குச்சியும். இதில் தேறிய பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் புரியும். 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் ஏராளமான பிள்ளைகள் 35 என்று எழுதுகின்றன. 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டுவிடுகின்றன. சின்னதைப் பெரியதிலிருந்து எடுப்பதுதான் அதுவரை அவற்றுக்குத் தெரிந்த கழித்தல். நாலு கட்டும் இரண்டு குச்சியும் கையில் இருந்தால் 7 குச்சியைக் கொடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்தால் 12 குச்சி, 7 போக 5. மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற வாய்ப்பாடு இல்லாமலே வந்துவிடும்.

எண்ணுப் பெயர்களிலும் பொறி இருக்கிறது. எண்பது என்றால் 80, எண்ணூறு என்றால் 800. ஆனால் தொண்ணூறு என்றால் 90, தொள்ளாயிரம் என்றால் 900. ஒன்பதில் மட்டும் பெயர் ஒரு படி மேலே தாவி நிற்கிறது. எண்ணூறும் தொண்ணூறும் காதுக்கு ஒரே குடும்பம் போலக் கேட்பதால் பிள்ளை தொண்ணூறை 900 என்று எழுதுவது நியாயமான பிழை. 89க்கு அடுத்தது என்ன என்று கேட்டால் தயங்குவதும் இதனால்தான். ஒன்பது கட்டைக் கையில் கொடுத்து ‘இதற்குத்தான் தொண்ணூறு என்று பெயர், நூறாக இன்னும் ஒரு கட்டு வேண்டும்’ என்று காட்டுங்கள். இன்னொரு பிழை: ‘நூற்று ஐந்து’ என்று சொன்னால் 1005 என்று எழுதுவது. கேட்டபடி நூறையும் எழுதி ஐந்தையும் எழுதிவிட்டது. ஒரு நூறு, கட்டு இல்லை, குச்சி ஐந்து என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொன்னால், கட்டு இல்லாத இடத்தில்தான் பூஜ்யம் உட்கார்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள், தலையில் கணக்கு நின்றதும் விரல் தானாக இறங்கிவிடும். பரமபதம் ஆடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 23இல் நிற்கும் பிள்ளை 4 விழுந்தால், நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணி 26க்குப் போகும். கூட்டலில் ஒன்று குறைவாக விடை வரும் பிள்ளைகளிடம் இதே பழக்கம் இருக்கும். ‘நின்ற இடத்தை எண்ணாதே, தாண்டுவதை எண்ணு’ என்று ஆட்டத்தில் திருத்தினால் நோட்டிலும் திருந்தும். பல்லாங்குழிக்கு 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை அல்லது சோழி. முதலில் மொத்தம் எத்தனை என்று ஐந்தைந்தாக எண்ணி 70 என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்காமல் வரும். கடைக்கு அழைத்துப் போனால் 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய் கொடுத்துவிட்டு, கடைக்காரர் செய்வதுபோல் மேல்நோக்கி எண்ணி மீதியைச் சொல்லச் சொல்லுங்கள்: 37லிருந்து 40க்கு மூன்று, அங்கிருந்து 50க்குப் பத்து, ஆக 13.

கைபேசி பற்றிக் கேட்பார்கள். எழுத்துப் பாட்டு வீடியோ பார்ப்பதால் பாட்டு வரும், எழுத்து வராது. அவ்வளவுதான். ஆங்கில வழியில் சேர்த்த பெற்றோர், வீட்டில் பேச்சையும் ஆங்கிலமாக்க முயன்று நாலே வாக்கியத்தில் பேச்சு தீர்ந்து போய் உட்கார வேண்டாம். பாடத்தின் பொருளைத் தமிழில் பேசிப் புரிய வைத்தால் ஆங்கிலச் சொல் அதன் மேல் உட்காரும்.

இன்னொன்று, ஆசிரியரிடம் எதைக் கேட்பது என்பது. தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை, வயதையோ மதிப்பெண்ணையோ வைத்து அல்லாமல், எட்டிய நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கத் தொடங்கினார்கள். ‘என் பிள்ளை நன்றாகப் படிக்கிறானா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை, அடுத்த நிலைக்குப் போக எது குறைகிறது?’ என்று கேளுங்கள். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம். தனியார் பள்ளியிலும் இதே கேள்வியை வேறு சொல்லில் கேட்கலாம்.

புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டு போவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, கரும்பலகையில் உள்ளதைத் தப்பாக எழுதி வருவது, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவது இவையெல்லாம் தெரிந்தால் திட்டுவதற்கு முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்து, தினமும் கேட்டும், இரண்டாம் வகுப்பு முடியும்போதும் எளிய சொற்கள் வாசிக்க வரவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

கடைசியாக ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளிதழ் வாங்கும் வீட்டில் பெரிய எழுத்துத் தலைப்புகளில் ‘ம்’ எத்தனை என்று பிள்ளையை வட்டமிட வைக்கலாம், அதைத் தாண்டி அதற்கு வாசிக்க உள்ளே ஒன்றும் இல்லை. சிறுவர் இணைப்புகளில் உள்ள எழுத்து பெரியவர்களுக்கான அளவிலேயே இருக்கிறது, சொற்களும் ஐந்தாம் வகுப்புக்கு மேல். வாரம் ஒரு நாள், 18 பாயிண்ட் அளவுக்குக் குறையாத எழுத்தில், சொற்களுக்கு இடையே நல்ல இடைவெளி விட்டு, நாலே வரி வெளியிட முடியுமா? முதல் மாதம் அகரமும் ஆகாரமும் புள்ளியும் மட்டும், அடுத்த மாதம் இகரம், பிறகு உகரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம். மாதிரிக்கு ஒன்று:

மாமா வந்தார்.
பலாப்பழம் தந்தார்.
தாத்தா பார்த்தார்.
ஆகா, மணம்!

படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பலாப்பழத்தைப் பிள்ளைகளே வரைந்துகொள்ளும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.